இடது பக்கத்து சீட்டு

சித்த அக்கட்டால தள்ளி உக்காருங்க, கோவிச்சுக்காதீங்க. கால் நீட்ட எடம் பத்தலைன்னா என் பையைத் தூக்கி மேல வெச்சர்றனுங்க. இதை மட்டும் மேல வெக்க முடியாது. கண்டக்டரு டிக்கியில போடுங்கன்னாரு. டிக்கியில போட்டா அடியில இருக்கற ரெயிலு வளைஞ்சிரும்ங்க. இந்த ரெண்டு கம்பி பாருங்க, இதுலதான் சீட்டு முன்ன பின்ன நகரும். ஒரு நூல் வளைஞ்சாலும் போல்ட்டு உக்காராது. அதான் இதுக்கும் ஒரு டிக்கெட் எடுத்து ஜன்னலோரமா வெச்சுட்டேன். சேலத்துல ஏறுனதுலிருந்து எல்லாரும் ஒரு மாதிரிதான் பாக்கறாங்க. பாத்துட்டுப் போறாங்க.

கார் சீட்டுதானுங்க. சாதாரண காரு இல்ல, ஸ்போர்ட்ஸ் காரு. ரெண்டே சீட்டு. ஜப்பான் வண்டி, முப்பது வருசத்துக்கு முந்தினது. சுவிட்சைப் போட்டா ஹெட்லைட்டு ரெண்டும் தவளைக் கண்ணாட்டம் மேல எந்திரிச்சு நிக்கும். கோயமுத்தூர்லயே அந்த மாடலு எங்கிட்ட ஒண்ணுதான் இருக்கு. ஸ்போர்ட்ஸ் கார் வெச்சிருக்கறவன் எதுக்குடா பஸ்ஸுல போறான்னு பாக்கறீங்களாக்கும்? முன்னாடி வீலு பேரிங் போயிருச்சுங்க. நாலு ஸ்டேண்டு மேல நிக்குது. பேரிங்கு சனிக்கிழமை வந்துரும். ஞாயித்துக்கிழமை காலையில எடுத்துருவேன்.

எம்பேரு சென்னியப்பனுங்க. கணபதியில சின்னதா லேத் பட்டறை. மோட்டார் பம்புக்கு ஷாஃப்டு கடைஞ்சு குடுக்கறோம். வண்டியப் பத்தி யாரு என்ன கேட்டாலும் சொல்லுவேன். ஊட்டைப் பத்திக் கேட்டாத்தான் வாய் வராதுங்க.

அந்த வண்டி கொச்சியில ஒரு டாக்டரு ஊட்டுல ஷெட்டுக்குள்ள கெடந்துச்சு. எலி கூடு கட்டியிருந்துச்சு. லாரியில ஏத்திக் கொண்டாந்து, மூணு வருசம், ஒவ்வொரு நட்டா கழட்டிச் சுத்தம் பண்ணி மாட்டுனேன். அப்ப எங்கூட்டுல, வசந்தாமணி, கூடவே நிப்பா. பத்துக்குப் பதினொண்ணு ஸ்பேனர் எதுன்னு கேக்காம எடுத்துக் குடுப்பா. பொண்ணைக் கட்டிக் குடுத்து ஓசூர் போயிருச்சு, ஊட்டுல நாங்க ரெண்டே பேரு, வண்டியிலயும் ரெண்டே சீட்டு, கணக்கு சரியாப் போச்சுன்னு சிரிப்பா.

ஞாயித்துக்கிழமை ஆச்சுன்னா விடிகாலையில அன்னூர் போவோமுங்க. அங்க ஒரு டீக்கடை. டீயைக் குடிச்சுட்டுத் திரும்பிருவோம். அவ்வளவுதான். அதுக்கு அவ புதுச் சேலை கட்டிட்டு வருவா. அவ காது ஒரு காதுங்க. நா ஓட்டீட்டு இருப்பேன், எனக்கு ஒண்ணும் கேக்காது. "ஏனுங், எம்பட காலுக்கடியில என்னமோ கீச்சு கீச்சுங்குது"ம்பா. வந்து ஜாக்கி போட்டுப் பாத்தா அங்க ஒரு புஷ்ஷு தேஞ்சிருக்கும். இந்த பேரிங்கு கூட அவ இருந்திருந்தா ரெண்டு மாசத்துக்கு முந்தியே சொல்லியிருப்பா. இப்ப இல்ல. கரூர்ல அவ தம்பி ஊட்டுல இருக்கறா. ரெண்டு வருசம் ஆச்சு.

சண்டையெல்லாம் இல்லீங்க. சத்தியமா சண்டை இல்ல. நா கை நீட்டுனதில்ல, ஒரு சொல்லு கடிஞ்சு பேசுனதில்ல. பட்டறையில வேணா விசாரிச்சுப் பாருங்க.

என்ன ஆச்சுன்னா, எங்க மாதிரி வண்டிக்காரங்க ஒரு பதினஞ்சு பேரு வாட்ஸ்அப்புல ஒரு குரூப்பு வெச்சிருக்கோம். வருசம் நாலு தடவை ட்ராக்குக்குப் போவோம். ட்ராக்குன்னா ரேஸ் ஓட்டற எடம். ஒரு சுத்துக்கு எத்தனை செகண்டுன்னு மெஷின் காட்டும். அந்த மெஷினைப் பாத்துட்டா அப்பறம் மனுசன் மனுசனா இருக்க மாட்டானுங்க. மொதல்ல சஸ்பென்ஷன் மாத்துனேன். அப்பறம் சைலன்சரு. அது போடறதுக்கு முன்னாடி வண்டி பேசவே பேசாது. போட்டப்பறம் மூணு தெரு தள்ளி வரும்போதே சென்னியப்பன் வர்றான்னு ஊருக்குத் தெரியும். அப்பறம் இஞ்சின்ல பவர் ஏத்தணும்னு பாத்தேன். குரூப்புல பெரியவரு ஒருத்தரு சொன்னாரு, பவர் ஏத்தறது எல்லாருஞ் செய்வாங்க, வெயிட்டை எறக்கறவன்தான் வெவரமானவன்னு.

அன்னிக்குப் புடிச்சுதுங்க. பட்டறையில இருந்து தராசைக் கொண்டாந்து போர்டிகோவுல வெச்சுட்டேன். ஸ்டெப்னி வீலு, கழட்டு. ஏசி, கழட்டு. காலடி விரிப்பு, கழட்டு. ரெண்டு ஹாரன் இருக்கும், ஒண்ணு எதுக்கு? தரையில சத்தம் வராம இருக்க தார் ஷீட்டு ஒட்டியிருப்பாங்க. அதை வசந்தாமணிதான் தோசைத் திருப்பியால ஒரு நாள் பூரா சொரண்டிக் குடுத்தா. தராசுல போட்டா ஏழரை கிலோ! ரெண்டு பேரும் கைதட்டிச் சிரிச்சோம். கையெல்லாம் கொப்புளம் அவளுக்கு.

அப்பறம் இந்த சீட்டு.

இது ரெயிலோட சேத்துப் பதினாறு கிலோங்க. ஓட்டறவனுக்கு ஒரு சீட்டு போதும். ட்ராக்குல பக்கத்துல யாரு உக்காரப் போறாங்க? நாலு போல்ட்டு. அந்த நாலையும் அவதான் ஒரு டப்பாவுல பொறுக்கிப் போட்டா. போட்டுட்டுக் கேட்டா, "ஏனுங், நா எங்க உக்கார்றது?"ன்னு. நா வெளையாட்டாச் சொன்னேன், "நீ மொதல்ல அந்தத் தராசுல ஏறி நில்லு, அப்பறம் பாக்கலாம்"னு. சிரிச்சா. சிரிச்சாளுங்க, நா பாத்தேன். அதையே குரூப்புலயும் போட்டேன், அத்தனை பேரும் சிரிச்சாங்க.

அந்த வாரமே சீட்டைச் சேலத்துல இதயத்துல்லான்னு ஒருத்தருக்கு வித்துத் தாட்டி உட்டுட்டேன். ஊட்டுல கெடந்தா மறுபடியும் மாட்டத் தோணுமில்லைங்களா? அவரு அதைக் கம்ப்யூட்டர்ல கார் ஓட்டற வெளையாட்டுக்கு வெச்சிருந்தாரு. ஸ்டீயரிங், பெடலு எல்லாம் மாட்டி, முன்னாடி டிவியை வெச்சு, எங்கூட்டுக்காரி உக்காந்த சீட்டுல உக்காந்து ஊட்டுக்குள்ளயே ரேஸ் ஓட்டீட்டு இருந்தாரு ரெண்டு வருசமா. இன்னிக்குப் போய்க் கெஞ்சிக் கூத்தாடித்தான் வாங்கியாந்தேன்.

சீட்டு போன எடத்துல ரோல் கேஜ் வெச்சுட்டேன். இரும்புக் குழாய்ல கூண்டு மாதிரி. வண்டி உருண்டாலும் ஆளு நசுங்க மாட்டான். அந்தத் தடவை ட்ராக்குல ஒரு சுத்துக்கு ஒண்ணே கால் செகண்டு கொறைஞ்சுதுங்க. ஒண்ணே கால் செகண்டு! ஓடி வந்து ஊட்டுல சொன்னேன். "சந்தோசமுங்க"ன்னா. ஞாயித்துக்கிழமை அன்னூருக்கு நா தனியாப் போனேன். அவளுக்குப் பார்சல் டீ வாங்கியாந்தேன். ஆறிப் போயிரும், இருந்தாலும் குடிப்பா.

உங்களுக்குத் தூக்கம் வருதுங்களா? இல்லையா? பவானி தாண்டறோம் பாருங்க.

ஊட்டுல வேற காரு இல்லையாங்கறீங்களா? இருந்த ஒண்ணை முன்னாடியே வித்தாச்சுங்க. போர்டிகோவுல ஒரு வண்டிக்குத்தான் எடம். வெளிய போகோணும்னா டாக்சி இருக்கு, என் ஸ்கூட்டர் இருக்கு. அவளும் சரின்னுதான் சொன்னா. அவ எதுக்குத்தான் சரிங்கலை?

எம்பட மாமனாரு கரூர்ப் பக்கம் தோட்டத்துல இருந்தாரு. ஒரு வருசமாப் படுக்கை. ஒரு நாள் விடிகாலை அஞ்சரைக்கு மச்சினன் போன் பண்றான், மூச்சு இழுக்குது, உடனே பொறப்புட்டு வாங்கன்னு. வசந்தாமணி ஒரே மக. அவரு உசுரே அவதான். இவ அப்படியே ஒரு பையையும் சுடுதண்ணி ஃபிளாஸ்க்கையும் எடுத்துட்டு போர்டிகோவுக்கு ஓடியாந்துட்டா. நா அதுக்குள்ள இஞ்சினைப் போட்டுச் சூடு பண்ணீட்டு இருக்கறேன். வந்த வேகத்துல இடது பக்கக் கதவைத் தொறந்துட்டா.

உள்ள எட்டிப் பாத்துட்டு அப்படியே நின்னா.

பழக்கதோசமுங்க. வேறென்ன?

"தரையில உக்காந்துக்கறனுங்க"ன்னா. நா முடியாதுன்னுட்டேன். பெல்ட்டு இல்லாம எம்பட வண்டியில யாரையும் ஏத்த மாட்டேன். அது எனக்கு ஒரு கொள்கை. கூண்டுக் கம்பி வேற குறுக்க போகுது, ஒரு பிரேக் போட்டா மண்டை என்னத்துக்காகும்? அவ நல்லதுக்குத்தான் சொன்னேன். டாக்சிக்குப் போட்டா அரை மணி நேரமாகும்ங்கறான். அப்ப எனக்கு ஒண்ணு தோணுச்சு. ரெண்டு பேரும் நின்னுட்டு இருந்தா ரெண்டு பேருமே பாக்க முடியாது. நா பறந்து போயிட்டேன்னா எங்கள்ல ஒருத்தராவது பாக்கலாமில்லைங்களா? அதைச் சொன்னேன். "நீ டாக்சியில பின்னால வா, நா முன்னால போறேன்"னேன். கதவை மெதுவாச் சாத்துனா. அந்தக் கதவை அடிச்சுச் சாத்தக் கூடாது, கண்ணாடி எறங்கிரும். அந்த நேரத்துலயும் அதை ஞாபகம் வெச்சிருந்தா பாருங்க.

கோயமுத்தூர்ல இருந்து கரூரு ஒரு மணி நேரம் முப்பத்தெட்டு நிமிசமுங்க. பல்லடம், காங்கேயம், வெள்ளக்கோயில். உங்க ஆயுசுல யாராவது அந்த நேரத்துல போயிருக்காங்களான்னு கேட்டுப் பாருங்க. ஒவ்வொரு வளைவுலயும் வண்டி ரோட்டைக் கடிச்சுப் புடிச்சுட்டுப் போச்சு. நா அத்தனை வருசம் செஞ்ச வேலை எல்லாம் அன்னிக்குத்தான் வேலைக்கு வந்துச்சு. போயிட்டு வரும்போது காங்கேயத்துக்கிட்ட ஹெட் கேஸ்கெட் போயி பொகையாக் கக்குச்சு. எம்பட மாமனாருக்காக அந்த இஞ்சின் உசுரையே குடுத்துச்சுன்னு வெச்சுக்கங்களேன். கருமாதிக்கு மறுபடியும் போனப்ப வசந்தாமணிகிட்ட அதைச் சொன்னேன். அவ அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டா.

அவளுக்கு டாக்சி வரலைங்க. வர்றேன்னு சொன்னவன் கேன்சல் பண்ணீட்டான். அப்பறம் ஆட்டோ புடிச்சு, சிங்காநல்லூர்ல பஸ் ஏறி, கரூர்ல எறங்கி, மறுபடியும் ஆட்டோ. அவ வரும்போது பதினொண்ணு ஆயிருச்சு. மாமனாரு போயி மூணரை மணி நேரம். வாசல்ல பெஞ்சு போட்டு ஆளுங்க உக்காந்திருந்தாங்க. அவ ஃபிளாஸ்க்கைக் கையிலயே புடிச்சுட்டு உள்ள போனா.

கருமாதி முடிஞ்சுது. நா வரும்போது, "நீங்க போங்க, நா கொஞ்ச நாள் இருந்துட்டு வர்றேன்"னா. அப்பா போன துக்கம், இருக்கட்டும்னு உட்டுட்டேன். ஒரு மாசம் ஆச்சு, ரெண்டு மாசம் ஆச்சு. போன் பண்ணுனா நல்லாத்தான் பேசுவா. சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களான்னு கேப்பா. எப்ப வர்றேன்னு கேட்டா மட்டும் பேச்சை மாத்திருவா.

இதுல கூத்து என்னன்னா, அங்க போயி டிரைவிங் கத்துக்கிட்டா! அம்பத்திமூணு வயசுல! செகண்டுல ஒரு சின்ன காரு எடுத்திருக்கறா. ஆட்டோமேட்டிக்கு. கிளட்ச்சே இல்ல. அதெல்லாம் ஒரு காருங்களா? பேட்டரி பொம்மை. நாலு மாசத்துக்கு முந்தி அதுலயே கோயமுத்தூர் வந்தா, அவ துணிமணி கொஞ்சம் இருந்துச்சு, எடுத்துட்டுப் போக. எனக்கு அன்னிக்குக் காந்திபுரத்துல ஒரு சோலி. "ஏறுங்க, எறக்கி உடறேன்"னா. ஏறுனேன். அவளுக்கு இடது பக்கத்துல நா. ரோடு பூரா நாப்பதுலயே ஓட்டறா. ஒவ்வொரு திருப்பத்துக்கும் இண்டிகேட்டர் போடறா. "பிரேக்கை அமுத்தாதே, ஸ்டீயரிங்கை அப்படிப் புடிக்காதே, லாரிக்காரன் வர்றான் பாரு"ன்னு நா சொல்லிக்கிட்டே வந்தேன். "சரிங்க, சரிங்க"ன்னுட்டே ஓட்டுனா.

ஒரு சிக்னல்ல நின்னுது. அப்பத்தான் கேட்டா. ரெண்டு வருசத்துல அந்த ஒரு நாளைப் பத்தி அவ வாயைத் தொறந்தது அது ஒரு தடவைதான். ரோட்டைப் பாத்துட்டே கேட்டா. "நீங்க உள்ள போனப்ப அப்பாவுக்கு நெனவு இருந்துச்சுங்களா?"

இல்லைன்னேன்.

"நா போறதுக்கு முந்தியே நெனவு தப்பிருச்சு, எதையும் உணரலை, நிம்மதியாப் போயிட்டாரு"ன்னேன். "சரிங்க"ன்னா. பச்சை உழுந்துச்சு. காந்திபுரத்துல எறக்கி உட்டுட்டுப் போயிட்டா. அதுக்கப்பறம் போன்ல மாத்திரையப் பத்திக் கூடக் கேக்கறதில்லைங்க.

உங்ககிட்டச் சொல்றதுக்கு என்ன, நீங்க யாரோ நா யாரோ. பொய்யிங்க அது.

நெனவு நல்லா இருந்துச்சு. நா போனப்ப மச்சினன் ஆக்சிஜன் சிலிண்டர் எடுத்துட்டு வரப் போயிருந்தான். பாத்துக்கற நர்சம்மா ஒருத்தங்கதான் இருந்தாங்க. நா உள்ள காலு வெச்சதும் அந்தம்மா சொல்றாங்க, "இத்தனை நேரம் கண்ணு தொறக்கலைங்க, தூரத்துல உங்க வண்டிச் சத்தம் கேட்டதும் முழிச்சுட்டாரு. அம்முணி வந்துட்டா, அம்முணி வந்துட்டாங்கறாரு. என்னைத் தூக்கி உக்கார வைங்கறாரு"ன்னு.

அந்தச் சத்தம் அவருக்குத் தெரியுமுங்க. பண்டிகைக்கெல்லாம் அதுலதான போவோம். தோட்டத்து முக்குல திரும்பும்போதே வெளிய வந்து நிப்பாரு. நா வாசப்படியில நிக்கறேன். அவரு என்னைப் பாக்கலை. எம்பட தோளுக்குப் பின்னால பாக்கறாரு. "அம்முணி எங்கீங்க மாப்ளே?"ன்னாரு. "பின்னால வர்றா மாமா"ன்னேன். தலையாட்டுனாரு. அப்பறம் கதவையே பாத்துட்டு இருந்தாரு. இருவது நிமிசமுங்க. வாயில தண்ணி உட்டேன், கையைப் புடிச்சேன், எதுக்கும் திரும்பலை. ஒரு தடவை, "வண்டி வந்துருச்சல்லோ?"ன்னாரு. அவ்வளவுதான்.

இதைப் போயி அவகிட்ட எப்படிங்க சொல்றது? நீங்களே சொல்லுங்க. அழுது கரைஞ்சிருவாளே. அவ மனசு நோகக் கூடாதுன்னுதான மறைச்சேன்?

அதுக்குத்தான் இந்த சீட்டு. போன மாசம் ஒரு நாள் தோணுச்சு. பழைய சீட்டையே மாட்டி, ஞாயித்துக்கிழமை விடிகாலையில கரூர் போயி, வாசல்ல நிறுத்தி, இடது கதவைத் தொறந்து வெச்சுட்டு, ஒரு வார்த்தையும் பேசாம நிக்கோணும்னு. பேசாம இருந்தாலே அவளுக்குப் புரிஞ்சிரும். என்னங்க? கம்பியா? ஆமா, கம்பி குறுக்க போகுதுதான். அறுக்கோணும். முழுசும் அறுத்தா கேஜே பிரயோஜனமில்லாமப் போயிரும், பாதி அறுத்துட்டு அவளைக் காலை மடக்கிக்கச் சொல்லலாம்னு பாக்கறேன். சிரிக்கறீங்களா? சிரிங்க.

என்ன சொல்றீங்க? போன்லயா? இப்பவா?

இல்லைங்க, நேர்ல... ம். நீங்க சொல்றதும் சரிதான். சீட்டைப் பாத்தா அவளுக்கு என்ன புரியும், சீட்டுதான் தெரியும். அவினாசி வந்துருச்சா? சரி. இது சாயாம கொஞ்சம் புடிச்சுக்கங்க.

அலோ. வசந்தா, நாந்தான். பஸ்ஸுல வர்றேன். சாப்பிட்டாச்சு. இல்ல, ஒண்ணுமில்ல. ஒரு விசயம் சொல்லோணும். அன்னிக்கு சிக்னல்ல நீ கேட்டியே, அப்பாவுக்கு... ஆமா. அது வந்து, நா சொன்னது... ம்.

ம்.

அப்படியா?

சரிம்மா. சரி. இல்ல, நா ஒண்ணும் நெனைச்சுக்கலை. வெச்சர்றேன்.

...

தெரியுமாமுங்க.

அன்னிக்கே தெரியுமாம். அவ உள்ள போனதும் அந்த நர்சம்மா ஒண்ணு விடாமச் சொல்லிட்டாங்களாம். அவரு கேட்டது, நா சொன்னது, கதவைப் பாத்துட்டு இருந்தது, எல்லாம். ரெண்டு வருசமா நா எப்பச் சொல்லுவேன்னு இருந்தாளாம். நானாச் சொல்ல மாட்டேங்கறேன்னுதான் அன்னிக்கு சிக்னல்ல வாய் உட்டுக் கேட்டாளாம். "அப்ப நீங்க ஆமான்னு சொல்லியிருந்தா, வண்டியை அப்படியே ஊட்டுக்குத் திருப்பியிருப்பேன். துணியெல்லாம் பின்னாடிதான் இருந்துச்சு"ங்கறா. அழலைங்க. கோவமும் இல்ல. டைம் என்னன்னு கேட்டா எப்படிச் சொல்லுவாங்களோ அப்படிச் சொல்றா.

இப்ப வரட்டுமான்னு கேக்க வாய் எடுத்தேன். அதுக்குள்ள, "வேண்டாங்க"ன்னுட்டா. நா எதைக் கேக்கப் போறேன்னு அவளுக்குத் தெரியும். எப்பவும் தெரியும்.

அந்த மனுசன் படுக்கையில கெடந்து கண்ணை மூடுனபடியே போயிருப்பாருங்க. நா கொஞ்சம் மெதுவாப் போயிருந்தா. ஒரு பத்து நிமிசம், இருவது நிமிசம், எல்லாரும் போற மாதிரி. அவருக்கு அந்தச் சத்தமே கேட்டிருக்காது. யாரையும் எதிர்பாத்திருக்க மாட்டாரு. நானும் யாருகிட்டயும் எதையும் மறைச்சிருக்க வேண்டியதில்ல. இத்தனை வருசத்துல இது எனக்குத் தோணவே இல்லீங்க. இப்ப இந்தப் பஸ்ஸுல உக்காந்திருக்கும்போதுதான் தோணுது.

காந்திபுரம் வந்துருச்சு, நீங்க எறங்குங்க. எல்லாரும் எறங்கட்டும். இல்லைங்க, ஒண்ணுமில்ல, நல்லாத்தான் இருக்கறேன். எனக்கு இனி அவசரமா எங்கயும் போக வேண்டியதில்லைங்க.